அருள், விசுவாசம், நற்செயல்: கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொள்வது எப்படி

“நல்லது செய்தால் மோட்சம் என்பது கத்தோலிக்கம், நம்பினால் போதும் என்பது புராட்டஸ்டன்ட்.” இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் சொல்வது இதுதான். முதல் வேலையாக இதை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். இரண்டு தரப்பும் இதைத் தங்கள் போதனை என்று ஏற்பதில்லை. அதற்கும் மேலாக, இரண்டு தரப்பும் இதை எழுத்திலேயே மறுத்திருக்கின்றன. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று ஒரு தீர்மானம் வெளியிட்டது. கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல், தன் சொந்தச் செயல்களைக் கொண்டே ஒருவர் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்று சொல்பவரை அதன் முதல் விதியே கண்டனம் செய்கிறது. அந்தப் பக்கம், 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் லூத்தரன்கள் வாசித்த அவுக்ஸ்பர்க் அறிக்கையின் ஆறாவது பிரிவு, விசுவாசம் நல்ல கனிகளைத் தந்தே ஆகவேண்டும், கடவுள் கட்டளையிட்ட நற்செயல்களைச் செய்தே ஆகவேண்டும் என்கிறது.

அப்படியானால் ஐந்நூறு ஆண்டுகளாக எதைப் பற்றித்தான் சண்டை? உண்மையான வேறுபாடு இருக்கிறது, சின்ன வேறுபாடும் இல்லை. ஆனால் அது எல்லோரும் தேடுகிற இடத்தில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஐந்து கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொண்டு போக வேண்டும்: யார் தொடங்குகிறார், கடவுள் ஒருவரை நீதிமானாக்கும்போது என்னதான் நடக்கிறது, நற்செயலுக்கு என்ன இடம், பெற்றதை இழக்க முடியுமா, பெற்றிருக்கிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா. வரிசை முக்கியம். பலரும் மூன்றாவது கேள்வியில் ஆரம்பிப்பதால்தான் விவாதம் உடனே கைகலப்பு மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதில்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

படிக்கும்போது ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த் தரப்பின் நிலையை நீங்கள் சொல்லிக் காட்டும்போது, அந்தத் தரப்பைச் சேர்ந்த விவரம் தெரிந்த ஒருவர் “ஆமாம், இதைத்தான் நாங்கள் சொல்கிறோம்” என்று தலையாட்ட வேண்டும். அதுவரை நீங்கள் அதை மறுக்கத் தகுதி பெறவில்லை. அப்புறம், கத்தோலிக்கர் அருள், மீட்பு என்பார்கள், மற்றவர்கள் கிருபை, இரட்சிப்பு என்பார்கள். பொருள் ஒன்றுதான், அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

யார் தொடங்குகிறார்?

இதில் வேகமாகப் போகலாம், ஏனென்றால் இங்கே பெரிய பிளவு இல்லை. மனிதன் தன் சொந்த முயற்சியால் பாவமில்லாமல் வாழ முடியும் என்ற பெலாகியுஸின் போதனையை அகுஸ்தீன் எதிர்த்தார், 418இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது. மனிதன் முதல் அடி எடுத்துவைக்கட்டும், பிறகு கடவுள் உதவுவார் என்ற கொஞ்சம் மென்மையான வடிவத்தையும் 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் நிராகரித்தது. நம்ப வேண்டும் என்ற ஆசையே அருளின் கொடைதான் என்பது அங்கே முடிவானது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும், இன்னொரு சீர்திருத்தத் தலைவரான ஜான் கால்வின் வழிவந்தவர்களும் மெதடிஸ்ட்களும் இதை ஏற்கிறார்கள். நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வரும் எதுவும், விசுவாசமோ செயலோ, அந்த அருளை ஈட்டித் தராது என்று திரெந்துத் தீர்மானத்தின் எட்டாம் அதிகாரமே சொல்கிறது. இந்த ஒரு வரியை அறிந்த புராட்டஸ்டன்ட் விசுவாசிகள் மிகக் குறைவு, அதை எடுத்துச் சொல்லும் கத்தோலிக்கரும் குறைவு. எனக்கு இது பெரிய வருத்தம்.

கருத்து வேறுபடுவது அடுத்த படியில்: கடவுள் தொட்ட பிறகு மனிதன் மறுக்க முடியுமா? முடியும், சம்மதிக்கவும் ஒத்துழைக்கவும் முடியும், அந்தச் சம்மதத்தையும் அருளே சாத்தியமாக்குகிறது என்கிறது திரெந்து. மனித சித்தம் பாவத்துக்கு அடிமைப்பட்டுக் கிடக்கிறது, அதற்கு இதில் பங்கே இல்லை என்று 1525இல் எராஸ்முஸுக்கு எழுதிய பதிலில் லூத்தர் வாதாடினார். ஆனால் கோடு இரண்டு தரப்புக்கும் நடுவில் நேராக ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா மனிதருக்கும் முன்கூட்டியே ஒரு கிருபை தரப்படுகிறது, அதை ஏற்கவும் தள்ளவும் மனிதனால் முடியும் என்ற, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இந்த விஷயத்தில் திரெந்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். கத்தோலிக்கத்துக்குள்ளேயே தோமினிக்கன் சபையினரும் இயேசு சபையினரும் அருளும் சுதந்திரமும் எப்படிப் பொருந்துகின்றன என்று ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் யாரையும் தோற்றவர் என்று அறிவிக்காமலேயே அந்த விசாரணையை முடித்துவைத்தார். இன்றுவரை இரண்டு கருத்துக்கும் அங்கே இடம் உண்டு.

நீதிமானாக்கப்படும்போது என்ன நடக்கிறது?

இங்கே நின்று நிதானமாக யோசியுங்கள். முழு விஷயத்தின் முடிச்சு இதுதான்.

புராட்டஸ்டன்ட் பதில்: கடவுள் ஒரு தீர்ப்பு வழங்குகிறார். நீதிமன்றத் தீர்ப்பு போலவே, அது ஒருவரின் நிலையை மாற்றுகிறது. குற்றவாளி என்று நின்றவர் நீதிமான் என்று அறிவிக்கப்படுகிறார். அறிவிப்புக்கு அடிப்படை அவருக்குள் இருக்கும் ஏதோ ஒரு நன்மை கிடையாது, கிறிஸ்துவின் நீதி அவர் பேரில் எண்ணப்படுகிறது. பாவம் அறியாத கிறிஸ்து நமக்காகப் பாவமாக்கப்பட்டார், நாம் அவருக்குள் தேவநீதியாகும்படி என்று இரண்டாம் கொரிந்தியர் 5:21 சொல்லும் பரிமாற்றம் அது. இதைப் பெற்றுக்கொள்ளும் வெறும் கைதான் விசுவாசம். அதனால்தான் “விசுவாசத்தால் மட்டும்” என்று அழுத்துகிறார்கள். விசுவாசம் பெரிய சாதனை என்பது அவர்கள் எண்ணமில்லை. விசுவாசத்திடம் கொடுக்க ஒன்றுமில்லை, வாங்கத்தான் தெரியும் என்பதே அவர்கள் காரணம். உள்ளம் மாறுவதும் உண்டு, அதைப் பரிசுத்தமாக்கப்படுதல் என்று தனியாக வைக்கிறார்கள். தனி என்றால் பிரிந்தது என்று அர்த்தமில்லை. சூரியனின் ஒளியும் வெப்பமும் பிரிக்க முடியாதவை, ஆனாலும் ஒளி வேறு வெப்பம் வேறு என்று கால்வின் இதற்கு விளக்கம் தந்தார்.

கத்தோலிக்கப் பதில்: கடவுள் ஒருவரை நீதிமான் என்று சொன்னால், அந்தச் சொல்லே அவரை நீதிமானாக ஆக்கிவிடுகிறது. பாவ மன்னிப்பு மட்டும் இல்லை, உள்மனிதன் புனிதமாக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுவதும் சேர்ந்ததுதான் நீதிமானாக்கப்படுதல் என்று ஏழாம் அதிகாரத்தில் திரெந்து வரையறுக்கிறது. கடவுள் தாமே நீதியாயிருக்கும் அந்த நீதியை அது சொல்லவில்லை, நம்மை நீதிமான்களாக்குகிற அவருடைய நீதியே இதன் ஒரே வடிவக் காரணம் (ஒன்றை அதுவாகவே ஆக்கும் காரணம்) என்று மிகவும் கவனமாகச் சொற்களைப் பொறுக்கி எழுதியிருக்கிறார்கள். விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் ஒரே நேரத்தில் ஆன்மாவில் பொழியப்படுகின்றன. அது உள்ளே இருக்கும் ஒன்று என்பதால் வளரும். பத்தாம் அதிகாரம் அந்த வளர்ச்சியைப் பற்றியதுதான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு நீதிமானாக்கப்படுதல் ஒரே கணத்தில் முழுமையாக நடந்து முடிகிற தீர்ப்பு, கூடவும் கூடாது குறையவும் குறையாது. இன்னொருவருக்கு அது ஒரு கணத்தில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடரும் மாற்றம். “விசுவாசத்தால் மட்டும்” என்ற பேச்சைக் கேட்கும் கத்தோலிக்கர், அன்பு இல்லாத விசுவாசமே போதும் என்று சொல்கிறார்களோ என்று பதறுகிறார், ஏனென்றால் அவர் கணக்கில் அன்பும் நீதிமானாக்கப்படுதலுக்குள்ளேயே இருக்கிறது. “விசுவாசத்தோடு அன்பும் வேண்டும்” என்று கேட்கும் புராட்டஸ்டன்ட், இலவசத் தீர்ப்புக்கு விலை போடுகிறார்களே என்று பதறுகிறார். விசுவாசம் என்று சொல்லும்போதும் இருவர் மனதிலும் ஒரே பொருள் இல்லை. வெளிப்படுத்தப்பட்ட உண்மைகளுக்கு மனமார்ந்த இசைவு என்பது கத்தோலிக்க மரபின் அழுத்தம், கிறிஸ்துவின் மேல் முழு எடையையும் போட்டுச் சாய்வது என்பது லூத்தரின் அழுத்தம். வெறும் இசைவு மட்டும் காப்பாற்றாது என்பதில் இருவரும் ஒன்று. கலாத்தியர் 5:6இல் பவுல் சொல்லும் “அன்பினால் செயல்படும் விசுவாசம்” என்ற சொற்றொடரைக் கத்தோலிக்கர் தங்கள் கோட்டையாக நினைக்கிறார்கள், ஆனால் 1646இல் எழுதி முடிக்கப்பட்ட, கால்வின் வழிவந்தவர்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில் பதினோராம் அதிகாரத்தின் இரண்டாம் பத்தியும் அதே சொற்களோடுதான் முடிகிறது: நீதிமானாக்கப்படுவதற்கு விசுவாசமே ஒரே கருவி, ஆனால் நீதிமானாக்கப்பட்டவரிடம் அந்த விசுவாசம் தனியாக இருப்பதில்லை, அது செத்த விசுவாசமல்ல, அன்பினால் செயல்படுகிறது.

இதே முடிச்சில் இன்னொரு இழை இருக்கிறது, பலர் தவறவிடுவது. திருமுழுக்குக்குப் பிறகும் நமக்குள் கெட்ட நாட்டம் மிச்சமிருக்கிறதே, அது பாவமா? அது பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுப்பது, ஆனால் சம்மதிக்காதவரை அதுவே பாவம் அல்ல என்கிறது கத்தோலிக்கம். உண்மையான பாவம்தான், ஆனால் கிறிஸ்துவினிமித்தம் கணக்கில் வைக்கப்படுவதில்லை என்றார் லூத்தர். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்ற அவருடைய புகழ்பெற்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. இதை விளங்கிக்கொண்டால், லூத்தர் பாவத்தை லேசாக எடுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு எவ்வளவு தலைகீழானது என்பது புரியும். மற்றவர்களைவிட அதிகமானவற்றை அவர் பாவம் என்று எண்ணினார்.

ஆபிரகாமை வைத்து ஒரு பயிற்சி

வேதத்தைத் திறந்து ரோமர் நாலாம் அதிகாரத்தையும் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள். விவாதங்களில், செயல்கள் இல்லாமல் விசுவாசத்தால் மனிதன் நீதிமானாகிறான் என்ற ரோமர் 3:28ஐ ஒருவர் எறிவார், யாக்கோபு 2:24ஐ மற்றவர் திருப்பி எறிவார். விசுவாசத்தால் மட்டும் அல்ல, செயல்களாலும் மனிதன் நீதிமானாகிறான் என்று யாக்கோபு சொல்வது உண்மைதான். “மட்டும்” என்ற சொல் விசுவாசத்தோடு சேர்ந்து வரும் ஒரே வசனம் அதுதான் என்பதும், 1522இல் லூத்தர் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத அந்தச் சொல்லைச் சேர்த்தார் என்பதும் உண்மை. அதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பேரும் ஒரே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் எந்த ஆபிரகாமை என்று பாருங்கள். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15. பிள்ளை இல்லாத ஆபிரகாம் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக் கடவுளின் வாக்கை நம்புகிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது, விருத்தசேதனம் வருவதற்கு முன்னாலேயே. யாக்கோபு போய் நிற்பது ஆதியாகமம் 22இல், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய காட்சியில், பல ஆண்டுகள் கழித்து. அந்தச் செயலில் பழைய வசனம் நிறைவேறியது என்கிறார்.

புராட்டஸ்டன்ட் வாசிப்பு: 15ஆம் அதிகாரத்தில் தீர்ப்பு முடிந்துவிட்டது, 22ஆம் அதிகாரம் அந்த விசுவாசம் உயிருள்ளது என்று காட்டியது. கத்தோலிக்க வாசிப்பு: 15இல் நீதிமானாக்கப்பட்டவர் 22இல் இன்னும் நீதிமானாக்கப்பட்டார், வளர்ந்தார். இரண்டு வாசிப்புக்கும் வசனத்தில் பிடிமானம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு நீங்கள் தந்த பதில்தான் இங்கே எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்பதை முடிவு செய்கிறது. இந்தப் பயிற்சியை ஒருமுறை செய்துவிட்டால், வசனத்துக்கு வசனம் எறியும் விளையாட்டு ஏன் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை என்று தானாகவே தெரிந்துவிடும்.

நற்செயலும் பேறுபலனும்

இங்கே சமாதானத்துக்காக வேறுபாட்டை மழுப்பக்கூடாது. நற்செயல்கள் பெற்ற நீதியின் கனியும் அடையாளமும் மட்டும்தான், அந்த நீதி பெருகுவதற்குக் காரணம் ஆகாது என்ற கருத்தைத் திரெந்தின் 24ஆம் விதி வெளிப்படையாகவே கண்டிக்கிறது. அருள் நிலையில் இருப்பவர் செய்யும் நற்செயல் உண்மையாகவே பேறுபலன் (கடவுள் முன் வெகுமதிக்குரிய தகுதி) உள்ளது, அருள் பெருகுவதற்கும் நித்திய வாழ்வுக்கும் உரியது என்கிறது 32ஆம் விதி. புராட்டஸ்டன்ட் அறிக்கைகள் எதுவும் இதை ஏற்காது. 1563இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை, கிருபையால் மீட்கப்பட்ட நாம் ஏன் நற்செயல் செய்ய வேண்டும் என்று 86ஆம் கேள்வியில் கேட்டு, கிறிஸ்து தம் ஆவியால் நம்மைப் புதுப்பிக்கிறார், நம் முழு வாழ்வாலும் நன்றி காட்ட வேண்டும், கனிகளால் நம் விசுவாசம் நமக்கே உறுதிப்பட வேண்டும், அயலாரையும் கிறிஸ்துவிடம் சேர்க்க வேண்டும் என்று பதில் தருகிறது. பேறுபலன் என்ற பேச்சே கிடையாது.

ஆனால் பேறுபலன் என்பதைக் கூலி கேட்கும் உரிமை என்று புரிந்துகொண்டால் கத்தோலிக்கருக்கு அநியாயம் செய்கிறீர்கள். கடவுள் தம் சொந்தக் கொடைகளே நம் பேறுபலன்களாக இருக்கும்படி விரும்பும் அளவுக்கு நல்லவர், அதனால் எந்தக் கிறிஸ்தவரும் தன்னையே நம்பவோ தன்னைப் பற்றியே பெருமை பாராட்டவோ வேண்டாம் என்று திரெந்தின் 16ஆம் அதிகாரம் எழுதுகிறது. நம் பேறுபலன்களுக்கு முடிசூட்டும்போது கடவுள் தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்ற அகுஸ்தீனின் எண்ணம்தான் அதன் பின்னணி. எனக்கு இதில் கத்தோலிக்கப் போதனையின் மிக அழகான இடம் தெரிகிறது. அதே சமயம், “பேறுபலன்” என்ற பேச்சு சாதாரண விசுவாசியின் மனதில் கணக்குப் புத்தகமாக மாறிவிடும் ஆபத்தைப் பற்றி லூத்தர் பயந்ததற்கும் முழு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஒரு மனிதரின் கதையை வைத்துச் சோதியுங்கள்

நாலாவது கேள்வி, இழக்க முடியுமா என்பது. இதைத் தத்துவமாகப் பேசாமல் ஒரு கற்பனை மனிதரை வைத்துப் பாருங்கள். குழந்தையில் திருமுழுக்கு, இளமையில் உண்மையான விசுவாசம், முப்பது வயதில் கடவுளை உதறிவிட்டு விபசாரத்தில் விழுகிறார், அப்படியே வாழ்கிறார். ஐம்பதாவது வயதில் ஓர் இரவு மனமுடைந்து, கடவுளை நேசித்து, உண்மையாக மனந்திரும்புகிறார். குருவையோ போதகரையோ பார்க்கும் முன் அதே இரவில் இறந்துவிடுகிறார்.

கத்தோலிக்கப் போதனைப்படி திருமுழுக்கில் அவருக்குப் புனிதமாக்கும் அருள் கிடைத்தது. முப்பது வயதில் செய்தது, கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர்ந்திருந்தால், சாவான பாவம். அது அந்த அருளை இல்லாமல் ஆக்கியது. விசுவாசமே போய்விட வேண்டும் என்றில்லை, விசுவாசம் இருந்துகொண்டே அருளை இழக்க முடியும் என்கிறது திரெந்தின் 15ஆம் அதிகாரம், புராட்டஸ்டன்ட் காதுக்கு மிகவும் விநோதமாகப் படும் வரி இது. திரும்பி வரும் வழி ஒப்புரவு அருட்சாதனம், பழைய பேச்சில் பாவசங்கீர்த்தனம். அதற்கு வாய்ப்பில்லாமல் போனாலும், கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் உத்தம மனஸ்தாபமும் அந்த அருட்சாதனத்தைப் பெறும் விருப்பமும் இருந்தால் அவர் கடவுளோடு ஒப்புரவாகிவிட்டார். மீட்கப்பட்டவர்தான். பாவத்தின் குற்றம் போனாலும் தற்காலிகத் தண்டனை மிச்சமிருக்கலாம், அதனால் உத்தரிக்கும் தலத்தில் தூய்மை பெறுவார்.

லூத்தரன் பதிலும் குழந்தைத் திருமுழுக்கில்தான் தொடங்குகிறது, அங்கேயும் அது மறுபிறப்பு தரும் அருட்சாதனம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விசுவாசத்தை இழக்க முடியும், ஒருமுறை நீதிமானானவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களை அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 12ஆம் பிரிவு கண்டிக்கிறது. அந்த இரவில் அவர் தன் திருமுழுக்குக்கே திரும்பி வந்தார். உத்தரிக்கும் தலம் கிடையாது.

கால்வின் வழி வந்தவர்கள் வேறு விதமாகப் பார்ப்பார்கள். கடவுள் தெரிந்துகொண்டவர்கள் கோரமாக விழலாம், தாவீது போல, ஆனால் முற்றிலுமாகவும் முடிவாகவும் விழ மாட்டார்கள் என்பது 1618, 1619ஆம் ஆண்டுகளில் கூடிய டோர்ட் பேரவையின் நிலை. அப்படியானால் அந்த இரவு, ஒன்று வழிதவறிய பிள்ளை வீட்டுக்குத் திரும்பியது, அல்லது முதல் உண்மையான மனமாற்றமே அப்போதுதான் நடந்தது. மெதடிஸ்ட்களும் பெந்தெகொஸ்தே சபைகளில் பலரும் அவர் உண்மையாகவே இழந்தார், உண்மையாகவே திரும்பப் பெற்றார் என்பார்கள். பாப்டிஸ்ட்கள் குழந்தையில் நடந்ததைத் திருமுழுக்காகவே எண்ண மாட்டார்கள். எப்போது விசுவாசித்தார் என்பதுதான் அவர்கள் கேள்வி, சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கும் ஞானஸ்நானம் இல்லையே என்று நினைவூட்டுவார்கள்.

கவனித்தீர்களா, எல்லோருமே அவர் மீட்கப்பட்டார் என்றுதான் முடிக்கிறார்கள், எல்லோரும் கடைசியில் கிறிஸ்துவின் இரக்கத்தையே காரணமாகச் சொல்கிறார்கள். முப்பது வயதில் என்ன நடந்தது என்பதில்தான் பிரிகிறார்கள். இப்போது கதையை மாற்றி, மனந்திரும்பாமலே இறந்தார் என்று வைத்துப் பாருங்கள், பதில்கள் எங்கெங்கே உடைகின்றன என்று நீங்களே எழுதிப் பாருங்கள். “புராட்டஸ்டன்ட்கள் நம்புவது” என்று ஒரே மூச்சில் பேச முடியாது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

உத்தரிக்கும் தலம் இரண்டாவது வாய்ப்பு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அருள் நிலையில் இறந்தவர்களுக்கு மட்டும்தான் அது. அதுபோல், பலன்கள் எனப்படும் தண்டனைக் குறைப்பும் பாவமன்னிப்பு இல்லை, ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்தின் தற்காலிகத் தண்டனையைப் பற்றியது. அதைக் காசுக்குக் கொடுத்த கொடுமைதான் 1517 அக்டோபர் 31 தேதியிட்ட லூத்தரின் 95 வாதங்களைத் தூண்டியது. பணம் சம்பந்தப்பட்ட பலன்கள் அனைத்தையும் 1567இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் ரத்து செய்தார். பலன்கள் என்ற போதனை மட்டும் இன்றும் இருக்கிறது, புராட்டஸ்டன்ட்கள் இன்றும் ஏற்பதில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரியுமா?

சாதாரண விசுவாசியின் தூக்கத்தைத் தொடும் கேள்வி இதுதான். கடவுளின் இரக்கத்தையும் கிறிஸ்துவின் பலனையும் சந்தேகிக்கக் கூடாது, ஆனால் தன் பலவீனத்தைப் பார்க்கும் ஒருவர், தான் அருள் நிலையில் இருக்கிறேன் என்று தவறவே முடியாத விசுவாச உறுதியோடு சொல்ல முடியாது என்கிறது திரெந்தின் ஒன்பதாம் அதிகாரம். இது பயமுறுத்தல் மாதிரி கேட்கும். ஆனால் 1431இல் விசாரணையின்போது, நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா என்று மடக்கிக் கேட்ட நீதிபதிகளுக்கு ஜோன் ஆஃப் ஆர்க் சொன்ன பதிலைப் பாருங்கள்: இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருக்கிறேன் என்றால் கடவுள் என்னை அதிலேயே காப்பாராக. அந்தப் பதிலைக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்றும் இந்த இடத்தில் எடுத்துக்காட்டுகிறது. நிச்சயம் இல்லாத நம்பிக்கை எப்படி அமைதியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

லூத்தர் துறவியாக இருந்தபோது தன் மனஸ்தாபம் போதுமா, பாவங்களை முழுக்க அறிக்கையிட்டேனா என்று தன் உள்ளேயே பார்த்துப் பார்த்து நொந்துபோனவர். அவருக்கு விடுதலை, பார்வையை உள்ளேயிருந்து வெளியே, வாக்குறுதியின் பக்கம் திருப்பியபோது வந்தது. வாக்குறுதி என்னைப் பொறுத்ததில்லை, ஆகவே நிச்சயம். ஆனால் எல்லாப் புராட்டஸ்டன்ட்களும் எப்போதும் நிச்சயத்தோடு நடமாடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். உண்மையான விசுவாசியும் இந்த நிச்சயத்துக்காக நெடுங்காலம் காத்திருக்கவும் போராடவும் நேரலாம் என்று வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் 18ஆம் அதிகாரமே ஒப்புக்கொள்கிறது. நான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா, என் விசுவாசம் உண்மையானதுதானா என்ற வேதனை அந்தப் பக்கமும் உண்டு.

1541உம் 1999உம்

இருவரும் சேர்ந்து எழுத முடியுமா என்று 1541லேயே முயன்று பார்த்தார்கள். ரீகன்ஸ்பர்க் நகரில் மெலாங்க்தன், பூட்சர் புராட்டஸ்டன்ட் பக்கமும் எக் முதலானவர்கள் கத்தோலிக்கப் பக்கமும் உட்கார, திருத்தந்தையின் தூதராகக் கர்தினால் கோன்டாரினி இருந்தார். நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரே வாசகத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். லூத்தருக்கும் அது பிடிக்கவில்லை, உரோமைக்கும் பிடிக்கவில்லை, பேச்சு நற்கருணையிலும் திருச்சபை அதிகாரத்திலும் வந்து முறிந்தது. ஆறு ஆண்டுகளில் திரெந்துத் தீர்மானம் வந்துவிட்டது. லூத்தர் அதைப் பார்க்கவில்லை, 1546இலேயே காலமாகிவிட்டார்.

1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில், நம் பக்கத்து எந்தத் தகுதியாலும் அல்ல, கடவுள் நம்மை ஏற்கிறார், ஆவியானவர் நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் மையம். மெதடிஸ்ட் உலக அவை 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் இணைந்தன. இதைப் படிக்கும்போது இரண்டு பிழைகளைத் தவிர்க்க வேண்டும். எல்லாம் தீர்ந்துவிட்டது என்பது ஒன்று. அந்த அறிக்கையே மிச்சமிருக்கும் வேறுபாடுகளைப் பத்தி பத்தியாக எழுதுகிறது, அமெரிக்காவின் மிசூரி பேரவை லூத்தரன்கள் அதை ஏற்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்பது இன்னொன்று. 16ஆம் நூற்றாண்டுக் கண்டனங்கள், இந்த அறிக்கையில் உள்ளபடி சொல்லப்படும் மறுதரப்புப் போதனைக்குப் பொருந்தாது என்று இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பது சின்ன விஷயமே இல்லை.

எதை எடுத்துப் படிப்பது

மூல ஆவணங்கள் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியவை. முதலில் அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 4, 6, 20ஆம் பிரிவுகள். நாலாவது சில வரிகள்தான். அடுத்து திரெந்தின் ஆறாம் அமர்வு, 16 அதிகாரங்களையும் படித்துவிட்டு அதற்குப் பிறகுதான் 33 விதிகளுக்குப் போங்கள். விதிகள் கண்டன வடிவில் இருப்பதால் அவற்றிலிருந்து ஆரம்பித்தால் கோபம் வரும், எதைக் கண்டிக்கிறார்கள் என்பது மட்டும் புரியாது. “விசுவாசத்தால் மட்டும்” என்பதை ஒன்பதாம் விதி கண்டிக்கிறது என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஒத்துழைக்க வேறெதுவும் தேவையில்லை, தன் சித்தத்தின் அசைவால் ஆயத்தப்பட வேண்டியதும் இல்லை என்ற பொருளில் அதைச் சொன்னால் என்ற நிபந்தனையோடு அது எழுதப்பட்டிருப்பதை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஹைடல்பர்க் வினாவிடையில் 60 முதல் 64 வரையும் 86ஆம் கேள்வியும், கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 1987 முதல் 2029 வரையான எண்களும், கடைசியாக 1999 கூட்டு அறிக்கையும்.

ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் ஒரு தாளில் ஐந்து கேள்விகளையும் எழுதி, அந்த ஆவணம் தரும் பதிலை அதன் சொந்தச் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு பேச உட்கார்ந்தால், வசனத்தை எடுக்கும் முன் இரண்டாவது கேள்வியை அவரிடம் கேளுங்கள், அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள், சரிதானா என்று அவரையே திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஆபிரகாமின் இரண்டு அதிகாரங்களையும் சேர்ந்தே திறக்கலாம்.